மலையில் தெரிவது புகையா, புழுதியா?

கேள்வி: மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்து மலையெல்லாம் மங்கலாகவே கிடக்கிறது. புகையா, புழுதியா, பனியா என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சொல்ல முடியுமா? (வாசகர், பென்னாகரம்)

முடியும். தர்மபுரியில் மொட்டை மாடியில் நின்று வத்தல்மலையைப் பார்ப்பது, அப்புறம் கீழே வந்து நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறப்பது, இது பல கோடைகளாக என் பழக்கம். இலவசம்தான், போனிலேயே பார்க்கலாம்.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். புகை விளக்குமாறு மாதிரி இருக்கும். கிளம்பிய இடத்தில் ஒடுங்கி, காற்று போகும் பக்கம் விரியும். நிறம் நீலம் ஓடிய சாம்பல். புழுதி பழுப்பு மஞ்சள். பனி பள்ளத்தாக்கில் வெள்ளையாகத் தங்கும், முற்பகல் படத்தில் இருந்தாலும் மதியப் படத்தில் இருக்காது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மே, ஜூனில் அரேபியப் பாலைவனத்துப் புழுதி கருநீலக் கடல்மேல் வரும்போது பளிச்சென்று தெரியும். நம் செம்மண் மேல் அதே புழுதி மெல்லியதாகப் பரவினால் கண்ணுக்கே பிடிபடாது. அப்போது வெப்பத்தைப் பதியும் அகச்சிவப்புப் படம் உதவும். புகைத்துகள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது. வெப்பக் கதிர் அதை ஊடுருவி வந்துவிடும், அதனால் சாதாரணப் படத்தில் திரையாகத் தெரிந்த புகை இதில் காணாமல் போகும். புழுதித்துகள் பெரியது, வெப்பக் கதிரைத் தடுத்துப் படத்தில் தடம் விடும். 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் நம் இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள் அரை மணிக்கொரு படம் எடுப்பதால், எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் தொடரலாம்.

ஒன்று மட்டும் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது: உயரம். 2023 ஜூனில் கனடா காட்டுத்தீப் புகை நியூயார்க்கில் தெருவரை இறங்கி வானத்தையே ஆரஞ்சு நிறமாக்கியது. அதே மாதம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போன புகை பெரும்பாலும் மேலேயே போனது. படத்தில் புகை இருக்கிறது என்றால் மூச்சில் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கேள்வி: அரை ஏக்கர் கரும்புத் தோகை எரித்தேன். செயற்கைக்கோள் தீ வரைபடத்தில் சிவப்புப் புள்ளி பக்கத்துத் தோட்டத்தில் விழுந்திருக்கிறது. இது எப்படி? (வாசகர், பாலக்கோடு)

அந்தப் புள்ளி தீயின் படம் இல்லை. நோவா-20, நோவா-21 போன்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் கருவி தரையை 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒரு கட்டம் ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் எங்கே சூடு எகிறினாலும் புள்ளி கட்டத்தின் நடுவில் வைக்கப்படும். உங்கள் அரை ஏக்கர் ஓரத்தில் இருந்தால் பக்கத்துத் தோட்டக்காரர் மேல்தான் விழும். பழைய மோடிஸ் கருவிக்குக் கட்டம் 1 கி.மீ., அதில் பிசகு இன்னும் கூடுதல். ஆகவே புள்ளியைக் காட்டி யாராவது கேட்டால், வந்து நிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலை. ஒரு மார்ச் மாத இரவு எட்டு மணிக்கு மலைச்சரிவில் தீ மாலை போட்டதுபோல் ஊர்ந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். காலையில் தேடினால் வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. விர்ஸ் நம்மைக் கடப்பது பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை மணியை ஒட்டித்தான். இடையில் பற்றி, புல்லை மேய்ந்துவிட்டு அணைந்த தீ அதன் கணக்கில் வராது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் விர்ஸ், மோடிஸ் பதிவுகளை வைத்துத்தான் வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அதனால் அஞ்செட்டி, தளி, சித்தேரிப் பக்கம் இருப்பவர்கள் கண்ணால் தீயைப் பார்த்தால், எச்சரிக்கை போயிருக்கும் என்று இருந்துவிடாமல் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கல் குவாரித் தூசி தெரியுமா? (வாசகி, கிருஷ்ணகிரி)

அன்றாடப் படங்களில் தெரியாது, அவ்வளவு சிறியது. அதற்குப் பதில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியை இரவில் துடைத்து வையுங்கள். காலையில் படிந்திருப்பதை இரு விரலால் தேயுங்கள். கரியாக இழுபட்டால் சாம்பல். நறநறவென்றால் மண்ணோ கல்தூசியோ.