அம்மாவை எழுப்புங்கள்

கேள்வி: வயது 24. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஏபிவிடி (நான்கு மருந்துகள் சேர்ந்தது) கீமோ எடுக்கிறேன். இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. முடி கொட்டுகிறது, ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது, எப்போதும் அசதி. எதிர்ப்புசக்திக்கு என்று இணையத்தில் பார்த்து, மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு மூலிகை மாத்திரை சாப்பிடுகிறேன். கடைசி ஊசி போட்ட பத்தாவது நாள் நள்ளிரவில் 101.2 டிகிரி காய்ச்சல். என்னால் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அதனால் எழுப்பாமல் இரண்டு பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டேன். காலையில் சரியாகிவிட்டது. பிற்காலத்தில் எனக்குக் குழந்தை பிறக்குமா?

மருத்துவர் பதில்: காலையில் சரியானது தெர்மாமீட்டர் காட்டிய எண் மட்டும். உள்ளே என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கீமோ ஊசி போட்டபின் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். கிருமி புகுந்த இடம் சிவப்பதும், வீங்குவதும், சீழ் வைப்பதும் பெரும்பாலும் இந்த அணுக்களால்தான். அவை இல்லாதபோது தொற்று சத்தமில்லாமல் பரவும். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதைத்தான் மாத்திரை போட்டு மறைத்துவிட்டீர்கள். வெளியாட்களிடமிருந்து கிருமி வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தாலும் போதாது. உங்கள் வாயிலும் குடலிலும் எப்போதும் இருக்கிற கிருமிகளே, கீமோவால் மெலிந்துபோன உள்தோல் வழியாக ரத்தத்தில் இறங்கும். அதன்பின் ரத்த அழுத்தம் சரிய ஒரு முழு இரவுகூட ஆகாது.

ஆகவே இதை எழுதி ஒட்டிவையுங்கள்: ஒருமுறை 101 டிகிரி (38.3 செல்சியஸ்) வந்தால், அல்லது 100.4 (38.0) ஒரு மணி நேரம் நீடித்தால், அப்போதே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைத்துப் பாருங்கள்; சூடாகவோ குளிராகவோ ஏதும் குடித்திருந்தால் 15 நிமிடம் கழிந்தபின் பாருங்கள். ஆசனவாயில் வைக்கவே வேண்டாம். அங்கே சிறு கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழி. காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி குளிர் நடுக்கம் வந்தாலும் கிளம்புங்கள். வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவைத்திருக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள்.

அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் சொல்லவேண்டியது: "கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், காய்ச்சல்." வந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏறவேண்டும். பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும் இளைஞரை வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். நோயின் பெயர், மருந்துகள், கடைசி ஊசியின் தேதி, ஒவ்வாமை, உங்கள் புற்றுநோய்ப் பிரிவின் இரவுநேர எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

அம்மாவை எழுப்பாததற்குக் காரணம் அறியாமை இல்லை. பாரமாகிவிட்டோமோ என்ற பயம். கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் தெரிகிறது. சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிய வயதில் மறுபடியும் பெற்றோரின் கையைப் பிடிக்கவேண்டி வருவது, இந்த வயதில் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பெரிய வேதனை. அதற்குத் தனியே உதவி உண்டு. மனநல ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். கேட்டால்தான் பல இடங்களில் ஏற்பாடு செய்வார்கள். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றால் தாமதிக்காமல் சொல்லுங்கள். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே சொல்லிவிடுங்கள். வீட்டில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இரவு அம்மாவுடையது, வண்டி ஓட்டுவது ஒரு நண்பருடையது. என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல்தான் நண்பர்கள் பலர் ஒதுங்குகிறார்கள். காய்ச்சலை மறைக்கும் பிள்ளையின் அம்மா நிம்மதியாகத் தூங்கமாட்டார்; எழுப்புவான் என்று தெரிந்தால் கொஞ்சமாவது தூங்குவார்.

மற்றவை பயப்படத் தேவையற்றவை. ஏபிவிடியில் உள்ள டாக்ஸோருபிசின் மருந்தே சிவப்பு. அந்த நிறம் ஓரிரு நாள் சிறுநீரில் வரும், அது ரத்தமில்லை. முடி திரும்ப முளைக்கும். அசதிக்குப் படுக்கை மருந்தில்லை. முடிந்த நாட்களில் 20 நிமிடம் நடங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மூலிகை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் வேகத்தைச் சில மூலிகைகள் மாற்றிவிடும். முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் எழுதியதை நம்பி விழுங்கியதை, உங்களுக்கு ஊசி போடும் மருத்துவரிடம் மறைத்திருக்கிறீர்கள்!

குழந்தை பற்றிய கேள்வி நியாயமானது. விந்தணுவை முதல் ஊசிக்கு முன்பே சேமித்திருக்கவேண்டும். கீமோ தொடங்கியபின் எடுப்பதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, மரபணுச் சேதம் இருக்கலாம் என்பதால். ஆனால் ஏபிவிடி இந்த விஷயத்தில் மென்மையானது. பெரும்பாலான ஆண்களுக்கு, சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டுகளில் விந்தணு எண்ணிக்கை மீள்கிறது. அதுவரை இனி முடியாது என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள், கருத்தடையையும் விடாதீர்கள். கீமோ நடக்கும் காலத்திலும் முடிந்தபின் குறைந்தது ஆறு மாதமும் அது அவசியம். வேறு வீரியமான மருந்துகளுக்கு மாற்றப்போகிறோம் என்று சொன்னால், விந்தணுவுக்கு என்ன ஆகும் என்று தொடங்கும் முன்பே கேளுங்கள்.

அடுத்த ஊசிவரை காத்திருக்காமல் இன்றே உங்கள் மருத்துவக் குழுவுக்குப் போன் செய்து, எந்தத் தேதி, எத்தனை டிகிரி, என்ன மாத்திரை என்று அந்த இரவை முழுதாகச் சொல்லுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க அவர்கள் கூப்பிட்டால், அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.