நடுவருக்கு ஏன் முகமில்லை? விளையாட்டுப் படங்களும் விசில் ஊதுபவர்களும்: கேள்வி பதில்

பதில் சொல்பவர் பதினெட்டு ஆண்டுகள் மாவட்ட, மாநில அளவிலான கபடிப் போட்டிகளில் நடுவராக நின்றவர். விளையாட்டுப் படம் எந்த மொழியில் வந்தாலும் விடாமல் பார்ப்பவர்.

உடற்கல்வி ஆசிரியர், தேனி: ஐயா, வணக்கம். தமிழில் வந்த விளையாட்டுப் படங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். பயிற்சியாளர், எதிரணித் தலைவர், தேர்வுக்குழுக்காரர் எல்லோரும் நினைவுக்கு வருகிறார்கள். ஒரு நடுவரின் முகம்கூட வரவில்லையே, ஏன்?

வணக்கம் ஐயா. இதற்கான விடை எனக்கு ஒரு படப்பிடிப்பில் கிடைத்தது. கபடிக் காட்சி ஒன்றுக்கு ஆலோசனை சொல்ல அழைத்திருந்தார்கள். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முடித்ததும், பழக்கதோஷத்தில் நான் நேராகப் போய்ப் பக்கக் கோட்டுக்கு வெளியே, போனஸ் கோட்டுக்கு நேர் எதிரே நின்றுகொண்டேன். பாடி வருபவரின் ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மற்றக் கால் தரையை விட்டு எழும்பியிருக்கிறதா என்பதை அந்த ஓர் இடத்திலிருந்துதான் சரியாகப் பார்க்க முடியும். இரண்டடி தள்ளி நின்றாலும் கண் ஏமாற்றிவிடும். ஒளிப்பதிவாளர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சார், அந்த இடம் எனக்கு வேணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

நடுவர் எந்த இடத்தைத் தேடி ஓடுகிறாரோ, கேமராவும் அதே இடத்தைத்தான் தேடுகிறது. மார்ட்டின் ஸ்கார்சேஸியின் ‘ரேஜிங் புல்’ (1980) என்ற குத்துச்சண்டைப் படத்தில் கேமரா கயிறுகளுக்கு வெளியே நிற்காமல் வளையத்துக்குள் நுழைந்து இரு வீரர்களுக்கு நடுவே நின்றது என்று பலரும் பாராட்டியிருக்கிறார்கள். அந்தக் கேமரா நின்ற இடம் உண்மையில் குத்துச்சண்டை நடுவர் நிற்கும் இடம். ஆக, அவரை வெளியே அனுப்பிவிட்டு அவருடைய கண்ணைப் பார்வையாளருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு மெதுவோட்டத்தில் முழங்கை இடிப்பதை நமக்கு நெருக்கமாகக் காட்டிவிட்டு, அதைக் காணாத நடுவரைக் குருடர் என்று நம் வாயாலேயே சொல்ல வைத்துவிடுகிறார்கள். மைதானத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரே கோணம், ஒரே நொடி.

இன்னொரு காரணமும் உண்டு. கதையில் ஓர் ஆள் நிற்க வேண்டுமென்றால் அவருக்கு ஏதாவது ஆசை இருக்க வேண்டும். யார் ஜெயித்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று நிற்பவரை வைத்து எந்தத் திரைக்கதாசிரியர் என்ன செய்வார்?

கிரிக்கெட் அம்பயர் தேர்வுக்குப் படிப்பவர், கோவை: ‘லகான்’ படத்தின் கடைசி நோபால் விதிப்படி சரியா?

கிராமத்து மக்கள் ஆங்கிலேயரோடு கிரிக்கெட் ஆடும் அந்தக் கதையில் நோபால் தந்தது சரி. தந்த விதம்தான் சினிமா. ஆங்கிலேயர்கள் கொண்டாடத் தொடங்கி, கிராமமே இடிந்துபோய் நின்று, சில நொடிகள் கழித்துத்தான் அம்பயரின் கை பக்கவாட்டில் நீண்டிருப்பது தெரிகிறது. நிஜத்தில் நோபாலை அம்பயர் அக்கணமே உரக்கச் சொல்லியாக வேண்டும். மட்டையாளரின் காதிலும் விழ வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பரீட்சையில் இந்தக் காட்சியை நம்பி எழுதிவிடாதீர்கள்.

கதை நடப்பது 1893-இல். அப்போது இங்கிலாந்தில் ஓவருக்கு ஐந்து பந்துகள்தான். ஆறு பந்து ஓவர் 1900-இல் வந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தாலே சிக்ஸர் என்பதும் 1910-இல் வந்த ஏற்பாடு, அதற்கு முன் பந்து மைதானத்தை விட்டே வெளியேற வேண்டும். இவையெல்லாம் தெரிந்தும் நான் அந்தப் படத்தைக் குறை சொல்வதில்லை. ஏனென்றால் அது அம்பயர்களுக்குச் செய்த மரியாதை பெரிது. வெள்ளைக்கார அம்பயர்கள்தாம், தங்கள் ஆட்களின் ஆட்டம்தான். ஆனாலும் கிராமத்து அணியின் கோலி என்பவன் கையைச் சுழற்றிச் சுழற்றிப் பந்து வீசுவதை ஆங்கிலேயத் தலைவன் ஆட்சேபிக்கும்போது, இருவரும் கூடிப் பேசி அனுமதித்துவிடுகிறார்கள். கடைசியில் தங்கள் அணியைத் தோற்கடிக்கும் வாய்ப்பைத் தருவதும் அவர்களுடைய கைதான். அநியாயம் அதிகாரத்தில் இருக்கிறது, விதியில் இல்லை என்று அந்தப் படம் பிரித்துப் பார்த்தது. இந்தியப் படங்களில் இவ்வளவு நிதானம் அபூர்வம்.

முதுகலை மாணவி, திருச்சி: நடுவர்களை விட்டுவிட்டுச் சங்க நிர்வாகிகளையும் தேர்வாளர்களையும் வில்லனாக்குவது மிகையாகத் தோன்றுகிறதே, ஐயா?

பெரும்பாலும் மிகையில்லை, அம்மா. ஆடுகளத்தில் நடக்கும் தவறு ஒரு புள்ளியோடு முடிந்துவிடும். ஆடுகளத்துக்கே வரவிடாமல் செய்யும் தவறு ஓர் ஆயுளைத் தின்றுவிடும். சினிமா இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ‘ஜீவா’ (2014) கிரிக்கெட் தேர்வில் சாதி எப்படி நுழைகிறது என்று கேட்டது; ‘இறுதிச்சுற்று’ (2016) குத்துச்சண்டைச் சங்க அதிகாரியால் வீராங்கனைகளுக்கு நேரும் பாலியல் தொல்லையை நேரடியாகப் பேசியது. ‘சக் தே இந்தியா’வில் (2007) பெண்கள் அணியை உலகக் கோப்பைக்கு அனுப்பவே மனமில்லாத சங்கம், முதலில் ஆண்கள் அணியோடு மோதிக் காட்டச் சொல்கிறது. ‘எதிர்நீச்சல்’ (2013) படத்தில் பாலினச் சோதனையால் ஓட்டப்பந்தய வாழ்வை இழக்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பறிகொடுத்த புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது.

நான் உடன்படாத இடம் ‘தங்கல்’ (2016). டெல்லி காமன்வெல்த் போட்டியின் இறுதிச்சுற்றில் மல்யுத்த வீராங்கனை கீதா போகட்டின் தந்தையை ஓர் அறையில் பூட்டிவைக்கும் பயிற்சியாளர் முழுக்கக் கற்பனை. நிஜத்தில் அப்பொறுப்பில் இருந்தவர் அதை வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். 2010-இல் கீதா போகட் அந்த இறுதிப்போட்டியை இரண்டு சுற்றுகளிலேயே முடித்துவிட்டார். கடைசி நொடி ஐந்து புள்ளித் தூக்கெல்லாம் திரைக்காக. வாழும் மனிதர் ஒருவர் வகித்த பதவியைக் காட்டும்போது பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதே படத்தின் மல்யுத்த நடுவரைக் கவனியுங்கள்: இடக்கையில் சிவப்புப் பட்டை, வலக்கையில் நீலப் பட்டை. எந்தக் கை உயர்கிறதோ அந்த நிறத்து வீரருக்குப் புள்ளி, எத்தனை விரலோ அத்தனை புள்ளி. அவருடைய விரல்களைப் பார்த்தே படம் பார்ப்பவர்கள் மல்யுத்த விதியைக் கற்றுக்கொண்டார்கள்.

குத்துச்சண்டை பயில்பவர், வியாசர்பாடி: அண்ணா, ‘மில்லியன் டாலர் பேபி’யில் மணி அடித்த பிறகு நாயகியை எதிராளி அடிக்கிறாளே, அந்த ரெஃப்ரி என்னதான் செய்துகொண்டிருந்தார்?

நானும் தியேட்டரில் இதே கேள்வியைத்தான் கேட்டேன், தம்பி. மணி அடித்த பிறகு வேண்டுமென்றே குத்தி, அதனால் குத்துப்பட்டவர் ஆட முடியாமல் போனால், அது தகுதிநீக்கம். பட்டம் விழுந்து கிடப்பவருக்கே போகும். அந்த எதிராளி முறைதவறி அடிப்பவள் என்பது முன்பே தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவள் ஆடும்போது சுற்று முடியும் பத்து நொடிக்கு முன்பே நடுவர் இருவருக்கும் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட வேண்டும். படத்துக்கு நாயகியின் வீழ்ச்சி தேவை, அதற்குப் பின் வரும் மருத்துவமனை தேவை. விதிப்புத்தகத்தைத் திறந்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

பொதுவாகக் குத்துச்சண்டைப் படங்களில் நடுவரின் முதல் கடமையே காணாமல் போய்விடுகிறது. நாயகன் தடுக்காமல் இருபது முப்பது குத்துகளை முகத்தில் வாங்குகிறான், யாரும் நிறுத்துவதில்லை. நிஜ வாழ்வில் 1951 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஷுகர் ரே ராபின்சனிடம் ஜேக் லமோட்டா அப்படி வாங்கிக்கொண்டிருந்தபோது, அவர் இன்னும் காலில்தான் நின்றார்; பதின்மூன்றாவது சுற்றில் நடுவர் ஃபிராங்க் சிகோரா ஆட்டத்தை நிறுத்தினார். லமோட்டாவின் கதையான ‘ரேஜிங் புல்’ அதை அவருடைய வீம்பாக நினைவுகூர்கிறது. எனக்கு அது சிகோராவின் நல்ல முடிவு.

உங்கள் பகுதியின் கதையான ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) நடுவரைக் குறை சொல்ல மாட்டேன். நாயகன் கபிலன் வெல்லப்போகும் நேரத்தில் ஆட்டத்தைக் குலைப்பது வளையத்துக்குள் ஏறும் அடியாட்கள். அதே இரவில் நெருக்கடி நிலையின் பேரில் அவனுடைய பயிற்சியாளர் ரங்கன் வாத்தியாரையும் போலீஸ் அழைத்துப் போகிறது. அங்கே விசிலுக்கு என்ன மதிப்பு?

வங்கி ஊழியர், சேலம்: நகைச்சுவைப் படங்களில் நடுவர்?

‘தி நேக்கட் கன்’ (1988). பேஸ்பால் அம்பயர் வேடத்தில் நுழைந்த போலீஸ்காரர், ஸ்டிரைக் சொல்லும்போது கூட்டம் ஆர்ப்பரிப்பதைக் கண்டு மயங்கி, கடைசியில் நடனமே ஆடத் தொடங்கிவிடுகிறார். சில நிஜ நடுவர்களிடமும் இந்த நோயைப் பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி: நடுவரையே நடுவில் வைத்து எடுத்த நல்ல படம் ஒன்றைச் சொல்லுங்கள்.

கதைப்படம் என்றால் பேஸ்பால் அம்பயர்களை வெறுப்பவனே அம்பயராகும் ‘கில் தி அம்பயர்’ (1950), பில்லி கிரிஸ்டல் கூடைப்பந்து நடுவராக வரும் ‘ஃபர்கெட் பாரிஸ்’ (1995) என்று சில உண்டு. ஆனால் நான் கையில் எடுத்துக் கொடுப்பது 2008 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் நடுவர்களைப் பின்தொடர்ந்த ‘லே ஆர்பித்ர்’ என்ற பெல்ஜிய ஆவணப்படத்தை. காதில் மாட்டிய கருவிவழியாக நடுவரும் துணை நடுவர்களும் பேசிக்கொள்வதை நாம் ஒட்டுக்கேட்கிறோம். ஆஸ்திரியா–போலந்து ஆட்டத்தில், தொண்ணூறு நிமிடம் முடிந்து ஈடுகட்டும் நேரத்தில், நடுவர் ஹவர்டு வெப் ஆஸ்திரியாவுக்கு ஒரு பெனால்டி தருகிறார், ஆட்டம் 1–1 என்று முடிகிறது, போலந்தின் பிரதமரே கொன்றுவிடத் தோன்றியது என்கிற அளவுக்குப் பேசுகிறார். அதே ஆட்டத்தில் போலந்து போட்ட கோல் ஆஃப்சைடு, விதிப்படி செல்லாதது. தங்களுக்குச் சாதகமாக நடந்த தவறை அன்று யாரும் பேசவில்லை.

வரலாற்று ஆசிரியை, யாழ்ப்பாணம்: ஒரே தீர்ப்பை இரு நாட்டுச் சினிமா இரு விதமாகக் காட்டியது உண்டா?

உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் கூடைப்பந்து இறுதிப்போட்டி. மூன்று நொடிகள் மிச்சமிருக்க அமெரிக்கா 50–49 என்று முன்னிலை. அந்த மூன்று நொடிகள் திரும்பத் திரும்ப ஆடப்பட்டன. ஆட்டத்தில் தலையிட அதிகாரமே இல்லாத உலகக் கூட்டமைப்புச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இருக்கையிலிருந்து இறங்கி வந்து கடிகாரத்தைத் திருப்பிவைக்கச் சொன்னார். மூன்றாவது முறை அலெக்சாந்தர் பெலோவ் பந்தைக் கூடையில் போட, சோவியத் 51–50 என்று வென்றது. பிரேசில் நாட்டு நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ புள்ளித்தாளில் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்கர்கள் வெள்ளியை இன்றுவரை வாங்கவில்லை. அமெரிக்க ஆவணப்படத்தில் அது திருட்டு. 2017-இல் வெளியாகி ரஷ்யாவில் வசூலை அள்ளிய படத்தில் அது தேசத்தின் பெருமை. நான் எடுப்பதாக இருந்தால் கையெழுத்திட மறுத்து மேசையருகே நின்ற ரிகெட்டோவிடமிருந்து தொடங்குவேன்.

பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்: எங்கள் ஊர் டோர்னமெண்டில் பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர். இதை எந்தப் படமாவது காட்டியிருக்கிறதா? இன்னொன்று, அந்தக் கபடிப் படத்தில் நீங்கள் வருகிறீர்களா?

தெருக் கிரிக்கெட்டைப் பற்றித் தமிழில் நல்ல படங்கள் வந்துவிட்டன. ஆனால் தன் அணியின் கடைசி மட்டையாளரை ரன் அவுட் என்று கை தூக்கிவிட்டு, அன்று இரவு நண்பர்களோடு ஒரே பைக்கில் வீடு திரும்ப வேண்டிய அந்தப் பையனின் நிலையை யாரும் முழுதாக எடுக்கவில்லை. நீங்களே எழுதுங்கள், தம்பி.

இரண்டாவது கேள்விக்கு: வருகிறேன். முழங்கை வரை, இரண்டு நொடி. விசில் சத்தம்கூட என்னுடையதில்லை. பிறகு ஒலிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.