கணப்பில் டி.வி.: முதலில் கூரை மேல் ஏறுங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில், என் மாமனார் வாங்கிய பழைய பங்களாவில் இருக்கிறோம். ஹாலில் பெரிய கணப்பு ஒன்று இருக்கிறது. இருபது வருடமாக அதில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. வாய் 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம். அதற்கு மேல், தரையிலிருந்து 4 அடி உயரத்தில் ஒரு தேக்குப் பலகை. பலகைக்கு மேலே 55 இஞ்ச் டி.வி.யை மாட்டி, கணப்புக்குள் செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் வைத்துவிடலாம் என்கிறான் மகன். அந்தச் சுவரில் காப்பி நிறத்தில் ஒரு கறை. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் திரும்ப வருகிறது. டி.வி. வந்தால் அது மறைந்துவிடும்தானே ஐயா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மறையும் அம்மா. ஆனால் மறைந்த இடத்திலும் அது தன் வேலையை நிறுத்தாது.

கறைக்குக் காரணம் பெயின்ட் இல்லை. நம் மலையில் கணப்பில் எரித்ததெல்லாம் பெரும்பாலும் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்)தான். சரியாகக் காயாத விறகு எரிந்தால் புகைபோக்கியின் உட்சுவரில் தார் மாதிரி பிசுக்குப் படியும். நெருப்பை நிறுத்தி இருபது வருடமானாலும் அது அங்கேயேதான் இருக்கும். மேலே திறந்து கிடக்கும் வாய் வழியாக மழை இறங்குகிறது. பிசுக்கையும் கரியில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு செங்கல் வழியாக ஹால் பக்கம் கசிகிறது. உப்பேறிய பூச்சு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மழை இல்லாத மூடுபனி நாளில் உள்ளங்கையை அந்தக் கறை மேல் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று ஈரம் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் குன்னூர் பக்கம் வெலிங்டனில் ஒரு வீட்டில் இந்த வேலையை நான் தலைகீழாகச் செய்தேன். கணப்பைச் சுத்தம் பண்ணி, உள்ளே தட்டு அடித்து, டி.வி.யை மாட்டிக் கொடுத்துவிட்டேன். கூரை வேலையை மழைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஜூலையில் வீட்டுக்காரர் கூப்பிட்டார். தட்டைத் திறந்ததும் நனைந்த கரியின் வாடை மூக்கில் அடித்தது. ஆம்ப்ளிஃபயர் மூடி மேல் மை சொட்டினது போலக் கறுப்புத் துளிகள். ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். அதிலிருந்து இந்த வேலை எங்கே வந்தாலும் முதல் நாள் ஆள் ஏறுவது கூரையில்தான்.

அங்கே செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. புகைபோக்கியின் தலையில் நாலு மூலையிலும் செங்கல் கால் எழுப்பி, அதன் மேல் கடப்பைக் கல்லைச் சுற்றிலும் 2 இஞ்ச் வெளியே நீட்டி உட்காரவையுங்கள். கால்களுக்கு நடுவே கம்பிவலை. மழையும் பறவையும் எலியும் நின்றுவிடும், காற்று மட்டும் போய்வரும். சில கொத்தனார்கள் சிமென்ட் போட்டு முழுக்க அடைத்துவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். மேலும் கீழும் அடைத்த புகைபோக்கிக்குள் ஈரம் வியர்த்துக்கொண்டே இருக்கும். கல்லை வைக்கும் முன் கீழே நின்று காது கொடுத்துக் கேளுங்கள். ரீங்காரம் கேட்டால் உள்ளே தேன்கூடு இருக்கிறது. தேனெடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, கூட்டைப் பத்திரமாக எடுத்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

அப்புறம் பிரஷ் விட்டுக் கரியை இறக்க வேண்டும். ஹாலில் இருக்கும் துணி, சோபா எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், இறக்குபவருக்கு நல்ல மாஸ்க் கொடுங்கள். கறை பிடித்த இடத்தில் பூச்சைச் செங்கல் வரை கொத்தியெடுத்து, ஒரு கோடைக்காலம் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தால் பூசுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் வெறும் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுவரைத் தேடிப் போகும்.

கணப்பின் வாய்க்கு மேலே, புகைபோக்கி தொடங்கும் கழுத்தில் சிமென்ட் ஃபைபர் போர்டு ஒன்றைப் படுக்கையாகப் பொருத்தி, ஓரங்களை அடைத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் கரி உதிர்ந்தாலும் சாமான்கள் மேல் விழாது. போர்டுக்கு மேலே, பக்கவாட்டுச் சுவரில் ஒரு சின்ன ஜாலி (காற்று போகும் ஓட்டைத் தட்டு) வைத்தால் புகைபோக்கி மூச்சு விடும்.

இனி உயரம். மகன் ஒரு டேப் எடுத்துக்கொண்டு சோபாவில் உட்காரட்டும். தரையிலிருந்து கண் மட்டம் ஏறக்குறைய 105 செ.மீ. வரும். பலகையே 122 செ.மீ.யில் இருக்கிறது. 55 இஞ்ச் டி.வி. ஏறக்குறைய 70 செ.மீ. உயரம். பலகைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு மாட்டினால் டி.வி.யின் நடு மையம் 165 செ.மீ.யைத் தாண்டிவிடும். மாமனார் கழுத்தை அண்ணாந்து வைத்துத்தான் செய்தி பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் பிடரி வலி வந்துவிடும். ஆகவே பலகையை இறக்குங்கள். உடைக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்து, துண்டுகளுக்குப் பின்னால் எண் எழுதி, பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் வையுங்கள். அந்த மாதிரித் தேக்கு இன்று கிடைப்பது கஷ்டம். நாளைக்கு யாராவது கணப்பைத் திரும்பக் கேட்டால் வீடு அதைக் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பலகை போனால் டி.வி.யின் அடி விளிம்பு 85 செ.மீ.யில் நிற்கும், மையம் 120க்கு வரும். அது போதும்.

வாயை மட்டும் அகலப்படுத்தச் சொல்லாதீர்கள். அதன் மேலே வளைந்திருக்கும் செங்கல் வரிசைதான் மேல் பாரத்தைத் தாங்குகிறது. ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுமானம் ஏறக்குறைய 1,900 கிலோ வரும். கூரைக்கு மேல் நிற்கும் புகைபோக்கியையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

துளை போடும்போது, சுவருக்குப் பின்னால் வெற்றிடம் இருப்பதை மறக்கக் கூடாது. பல பங்களாக்களில் முன்சுவர் நாலரை இஞ்ச்தான். டிரில் மறுபக்கம் போய்விட்டால் துளை வழியாகக் கரி கொட்டும், போல்ட்டும் பிடிக்காது. சுண்ணாம்பு இடுக்கிலும் பிடிக்காது. செங்கல்லின் நடுவில்தான் துளை விழ வேண்டும். நான் செய்வது: 18 மி.மீ. ப்ளைவுட் பலகையைப் பன்னிரண்டு இடங்களில் செங்கல்லில் முடுக்கி, டி.வி. பிராக்கெட்டை அதன் மேல் மாட்டுவேன். பாரம் ஒரே இடத்தில் இழுக்காது.

ஒயருக்கு, டி.வி.யிலிருந்து கணப்புக்குள் 50 மி.மீ. பைப் ஒன்றைச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுத்துப் பதியுங்கள், வளைவுச் செங்கல்லைத் தொடாமல் ஓரமாக. சின்ன பைப்பில் எச்.டி.எம்.ஐ. ஒயரின் தலை நுழையாது. கரண்ட் ஒயர் தனிப் பைப்பில் போகட்டும். ஏப்ரல், மே இடிமழையை நினைத்து நல்ல எர்த்தும் சர்ஜ் ப்ரொடெக்டரும் கட்டாயம். முன்கதவுக்குக் கண்ணாடி வேண்டாம், ஆம்ப்ளிஃபயர் வெந்துவிடும். பிரம்புப் பின்னல் கதவு போட்டால் காற்றும் போகும், பார்க்கவும் அழகாக இருக்கும். வைஃபை ரவுட்டர் செங்கல் குகைக்குள் போனால் படுக்கையறைக்கு சிக்னல் வராது. இன்வெர்ட்டர் பேட்டரியும் உள்ளே வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வாயு விடும்.

கேள்வி: எங்களுக்குக் குளிரில் நெருப்பும் வேண்டும், அதற்கு மேலேயே டி.வி.யும் வேண்டும். வழி உண்டா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: விறகு எரியும் கணப்புக்கு மேல் டி.வி. வேண்டாம். வெப்பமும் கரியும் நேராக மேலேதான் போகும். எதிரிலோ பக்கத்திலோ உள்ள சுவரில் மாட்டுங்கள், கணப்பைக் கணப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் கோத்தகிரி அம்மாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணப்பை மூடின வீடுகளில், டிசம்பர் குளிர் தாங்காமல் கரியடுப்பைத் தணலோடு படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையும் செய்ய விடாதீர்கள். ஆயில் ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 2,000 வாட் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக் தனி லைனில் வேண்டும். கணப்புக்காக எலக்ட்ரீஷியன் வரும் அன்றைக்கே அதையும் இழுத்துவிடச் சொல்லுங்கள்.