"நாலு நாளைக்கு ஒருமுறைதான் போகிறது, டொக்டர்"

கேள்வி: எனக்கு வயது 43. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மூன்று வருடமாக நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, அதுவும் முக்கி முக்கித்தான். சில நாள் இரத்தமும் படுகிறது. உடம்பில் இரத்தம் குறைவென்று கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். அதைப் போட்டபின் இன்னும் மோசம். மாதம் ஒருமுறை பேதிக்குக் குடி என்கிறார் மாமி. தங்கும் மலம் விஷமாகி இரத்தத்தில் கலந்துவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். டிஸ்பென்சரியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புத் தங்கச்சி, கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "மலையில கக்கூஸ் இல்ல, அதனால காலையில தண்ணி குடிக்கிறதில்ல." உங்கள் நோயில் பாதி எனக்கு அந்த வரியில்தான் தெரிந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் சாப்பிட்டதில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் அங்கே எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு இறுகும். காலையில் எழும்பியதும், ஏதாவது சாப்பிட்டதும் குடல் தானாக ஒரு தள்ளுத் தள்ளும். நாளில் அதுதான் நல்ல நேரம். உங்களுக்கோ அது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிற நேரம். அடக்கிக்கொண்டு மலைக்குப் போனால், அங்கே ஒதுங்க இடமில்லை. அட்டைக்கும் பயம், ஆட்களுக்கும் பயம். வருடக்கணக்காக இப்படி அடக்கினால் மலக்குடல் விரிந்து, "வருகிறது" என்று சொல்லும் உணர்வே மங்கிவிடும். இது உங்கள் சோம்பலும் இல்லை, உடம்பின் குற்றமும் இல்லை. நாள் முழுக்கப் பெண்கள் நிற்கிற மலையில் ஒரு கழிப்பறை கட்டிக் கொடுக்காதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். மாதர் சங்கத்தில் இதைத் தயங்காமல் பேசுங்கள். இதுவும் சம்பளத்தைப் போல முக்கியமான விஷயம்தான்.

அப்புறம் சாப்பாடு. வெள்ளைக் கோதுமை மாவில் தவிடு இல்லை, நாரும் மிகக் குறைவு. காலையில் ரொட்டியும் சம்பலும், பகலுக்கும் அதே ரொட்டி என்றால் குடலுக்குத் தள்ள ஒன்றுமே இருக்காது. நுவரெலியாவில் விளையும் கரட்டும் கோவாவும் போஞ்சியும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன, நம் லயத்து வீட்டுச் சட்டியில் மட்டும் இல்லை. ரொட்டி மாவில் பாதிக்குக் குரக்கன் மாவோ ஆட்டா மாவோ சேருங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, அவித்த கவ்பி, பப்பாசி, கொய்யா என்று கிடைப்பதைச் சாப்பிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினாலும் பலன் இருக்காது.

இரும்புச்சத்துக் குளிசை மலத்தை இறுக்கும், கறுப்பாக்கவும் செய்யும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா, வேறு வகை உண்டா என்று கிளினிக்கில் கேளுங்கள். குளிசையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை விட வேண்டும். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும்.

மலம் விஷமாகி இரத்தத்தில் கலக்கும் என்பது பழைய பயம், அது உண்மையில்லை. உண்மையான கெடுதல்கள் வேறு. இறுகிய மலம் ஆசனவாயைக் கிழிக்கும். அந்த வலிக்குப் பயந்து அடக்குவோம், அடக்கினால் இன்னும் இறுகும். முக்கி முக்கி மூலம் வரும், சிலருக்குக் குடலே வெளியே இறங்கும். நான் தோட்டப்புற ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தபோது ஒரு பாட்டியை வயிற்றோட்டம் என்று கூட்டிவந்தார்கள். வீட்டில் இரண்டு நாளாக வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து கொடுத்திருந்தார்கள். கையால் சோதித்தால், உள்ளே கல் மாதிரி மலம் அடைத்திருந்தது. அதன் ஓரமாகக் கசிந்த தண்ணீர்தான் வெளியே வந்திருக்கிறது. அந்தப் பாட்டி பட்ட வேதனை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாமி சொல்லும் பேதி மருந்து வேண்டாம். அது குடலை மொத்தமாகக் கழுவிவிடும். மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாளாகும், அதை நீங்கள் மறுபடியும் மலச்சிக்கல் என்று நினைப்பீர்கள். ஏற்கனவே இரத்தம் குறைந்த உடம்பு, தண்ணீரையும் உப்பையும் வேறு இழக்கக் கூடாது. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ், இசப்கோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்று டொக்டர் சொல்லட்டும்.

காலை நேரம் உங்கள் கையில் இல்லையென்றால் பின்னேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து வந்து, எதையாவது சாப்பிட்டுவிட்டு, தினமும் அதே நேரத்தில் போய்க் குந்துங்கள். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பத்து நிமிடம் போதும், முக்க வேண்டாம். குந்தும் கக்கூஸ்தான் இதற்கு நல்லது. கொமட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்னப் பலகை வையுங்கள். வேலை நாளிலும் ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டுபோய்க் குடியுங்கள். சிறுநீரையும் அடக்கிக்கொண்டு தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் அங்கேயும் கிருமி பிடிக்கும்.

கடைசியாக இரத்தம். மூலமாகவோ வெடிப்பாகவோ இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் உடம்பில் இரத்தமும் குறைந்து, மலத்திலும் இரத்தம் பட்டால், குடலில் கட்டி ஏதும் இல்லை என்று பார்த்தே ஆக வேண்டும். தைரொயிட்டையும் இரத்தத்தில் சீனியையும் ஒருமுறை சோதிக்க வேண்டும், அவையும் மலச்சிக்கலைத் தரும். ஆண் டொக்டரிடம் கூச்சமென்றால் முதலில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். சோதிக்கும்போது அவரையோ ஒரு நர்ஸையோ பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்கலாம். "நாலு நாளைக்கு ஒருமுறை போகுது, இரத்தம் படுது" என்றால் போதும். அடுத்த கிளினிக் நாள் வரை தள்ளிப்போடாமல் இந்தக் கிழமையே போங்கள், போடுகிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு. இடையில் வயிறு ஊதி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் நின்றால், இரவானாலும் வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.