சேலத்தில் மலை நடைக்குப் புதிதாக வருபவர்களுக்கு மேப்பும் காம்பஸும் எப்படிக் கற்றுத் தருவது? போன் இருக்கும்போது இது தேவையா?

இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. இதே கேள்வியை என் வீட்டிலேயே வாரம் தவறாமல் கேட்கிறார்கள்.

கல்லூரி நாட்களில் என்சிசியில் மேப் ரீடிங் படித்தவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'வகுப்புக்கு ஆள் பிடிக்கிறார்' என்று யாராவது கிளம்பி வருவார்கள்.

நீங்கள் ஆபீஸ் நண்பர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஆளுக்கொரு காம்பஸும் ஆன்லைனில் ஆர்டர் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வந்த பார்சலைப் பிரிக்காமல் வையுங்கள். முதல் நாளே காம்பஸைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், மலையை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

நான் ஆரம்பிப்பது ஏற்காடு ஏரிக்கரையில். தண்ணீர் தொடும் அந்த ஓரம் முழுக்க ஒரே உயரம். அதை அப்படியே தாளில் வரைந்தால் அதுதான் கான்டூர் கோடு. தண்ணீர் இன்னும் 20 மீட்டர் ஏறினால் கரை எங்கே போகும் என்று கேட்பேன். பிள்ளைகள் கையை நீட்டி, 'அந்தக் கடை முங்கும், இந்த மேடு தப்பிக்கும்' என்று காட்ட ஆரம்பிப்பார்கள். அவர்கள் விரல் போன வழிதான் அடுத்த கோடு. மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 மேப்பில் (தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர்) இரண்டு கோடுகளுக்கு நடுவே உயர வித்தியாசம் 20 மீட்டர்தான்.

அப்புறம் ஏற்காட்டில் மலை விளிம்பில் உள்ள லேடீஸ் சீட் காட்சி முனை. கீழே சேலம் நகரம், கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் கண்ணெதிரே. மேப்பை விரித்து, கீழே தெரியும் ரோடும் தாளில் உள்ள ரோடும் ஒரே பக்கம் போகிற மாதிரி தாளைத் திருப்பச் சொல்வேன். காம்பஸ் இல்லாமலே மேப் வடக்கு பார்த்து நின்றுவிடும். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அப்படியென்றால் நடுவில் அறுபது கோடு நெருக்கி அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். எண்ணிப் பார்க்கச் சொன்னால் பாதியிலேயே கண் வலிக்கிறது என்பார்கள். செங்குத்துச் சரிவு என்றால் என்னவென்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிக்கல். ஏற்காடு ஒரு தாளில், சேலம் அதற்குத் தெற்கே அடுத்த தாளில். பழைய எண்படி 58 ஐ/1, 58 ஐ/2. அட்சரேகை 11 டிகிரி 45 நிமிடக் கோடு இரண்டையும் பிரிக்கிறது. இரண்டையும் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

காம்பஸை நான் எடுப்பது ஏற்காட்டில் அல்ல, சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலையில். வேண்டுமென்றேதான். அந்த மலையில் மேக்னடைட் என்ற காந்தத்தன்மை உள்ள இரும்புத் தாது உண்டு, காம்பஸ் முள்ளை அது இழுக்கும். ஒருமுறை அங்கே பாறைகளுக்கு நடுவே ஆளாளுக்கு நிற்க வைத்து, வடகிழக்கே தெரிந்த சேர்வராயன் மலை (ஏற்காடு இருக்கும் மலைதான்) விளிம்பில் ஒரே இடத்துக்குக் கோணம் எடுக்கச் சொன்னேன், அதாவது அந்த இடம் வடக்கிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்று. எல்லோருக்கும் ஏறக்குறைய 45 டிகிரி வர வேண்டும். ஒருவர் 44 என்கிறார், பக்கத்துப் பாறையில் நிற்பவர் 60 என்கிறார். ஐடியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி உடனே, 'சார், மட்டமான காம்பஸ், திருப்பி அனுப்பிடலாம்' என்றார். இருவரையும் காம்பஸை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். காம்பஸ் மாறியது, எண் மாறவில்லை. அதே பாறையில் அதே 60.

பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் பெண் ஒருத்தி பேசாமல் நடந்து போய் தோழியை எதிரே நிறுத்தினாள். இவள் அவளைப் பார்த்து ஒரு கோணம், அவள் இவளைப் பார்த்து ஒரு கோணம். இரண்டுக்கும் சரியாக 180 வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லை. 'லோக்கல் அட்ராக்ஷன் சார், சர்வே லேப்ல படிச்சிருக்கோம்' என்றாள். பக்கத்தில் உள்ள இரும்பு முள்ளை இழுப்பதற்குத்தான் அந்தப் பெயர். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முள்ளை எப்போது நம்பக்கூடாது என்று தெரிந்த பிறகுதான் அதை நம்பக் கற்றுத் தர வேண்டும் என்பது என் கட்சி. போன் திசைகாட்டியும் காந்தப்புலத்தை அளந்துதான் வடக்கைக் காட்டுகிறது, அதற்கும் இதே கதிதான்.

வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள் 'டிக்ளினேஷன் கழித்தீர்களா' என்று மடக்குவார்கள். முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. சியாட்டிலில் அது 15 டிகிரி வரும், அவர்கள் கழித்துத்தான் ஆக வேண்டும். சேலத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான், மேற்குப் பக்கம். ஒரு டிகிரி தப்பினால் ஒரு கிலோமீட்டர் நடைக்கு 17 மீட்டர் விலகும். காபி எஸ்டேட் வரப்பில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிச் சுற்றி நடப்பதிலேயே அதைவிட அதிகம் விலகிவிடுவீர்கள். புதியவர்களிடம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஜிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வழி சொல்லும் பழக்கமே போய்விட்டது. போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகையில் மண்டபத்தின் பெயரும் ஒரு க்யூஆர் கோடும்தான். ஐந்து ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. அந்த க்யூஆர் கொண்டுபோய் விட்டது அதே பெயரில் உள்ள வேறொரு மண்டபத்தில். முகூர்த்தம் முடிந்து பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, அது இருக்கட்டும்.

காட்டுக்குள் கூட்டிப் போகச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. 2018 குரங்கணித் தீயை யாரும் மறந்திருக்க மாட்டோம். எஸ்டேட்டுக்குள் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். இந்தப் பயிற்சியில் முக்கால்வாசியைப் பொதுச் சாலையிலும் ஏரிக்கரையிலுமே முடித்துவிடலாம்.

மேப்பை சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கலாம். பிரிண்ட் போடும்போதுதான் கோட்டை விடுவார்கள். கடைப் பையன் தாளுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கி அடித்துவிடுவான், 1:50,000 என்னவோ ஆகியிருக்கும். மேப்பின் அடியில் அளவுக்கோடு இருக்கும். கடையிலேயே ஸ்கேல் வாங்கி வைத்துப் பாருங்கள், 1 கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.