இரணைமடுவில் பொன்னாகத் தெரிந்த மாலை, படத்தில் ஏன் வெளிறிப் போகிறது?

இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நின்றால் வயலும் பனையும் பொன்னாகத் தெரியும். போனில் எடுத்துப் பார்த்தால் அந்தப் பொன் பாதிதான் இருக்கும். காரணம் பெரும்பாலும் ‘வெள்ளைச் சமநிலை’. எந்த ஒளியிலும் வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தெரியும்படி கமரா நிறங்களைத் திருத்துவதற்குத்தான் அந்தப் பெயர்.

சூரியன் இறங்கும்போது அதன் ஒளி காற்றுக்குள்ளே நெடுந்தூரம் வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. நாம் பார்க்க வந்ததே அதைத்தான். ஆனால் தானியங்கி அமைப்பு அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிவிடும். உறைப்பான நண்டுக்கறியில் யாரும் கேட்காமலே தேங்காய்ப்பாலை ஊற்றிவிடுகிற மாதிரி!

சரி, திருத்துவது எப்படி? எடிட்டிங் செயலியில் ‘வெப்பநிலை’யை மஞ்சள் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். கமரா நிறத்தைத் திருத்தி முடிக்காத ‘ரோ’ (RAW) கோப்பாக எடுத்திருந்தால், ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் 5500இல் தொடங்கலாம். அது நண்பகல் வெயிலின் கணக்கு, ஆகவே மாலையின் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். அப்புறம் வானத்தின் வெளிச்சத்தைச் சற்று இறக்குங்கள். நிழலை நான் அதிகம் தொடமாட்டேன். அந்த நேரத்தில் பனை கறுத்து நிற்பதுதான் வடிவு. வயலில் வெள்ளைக் கொக்கு நின்றால் அதைப் பாருங்கள்: இளமஞ்சள் என்றால் சரி, மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி என்றால் கூடிவிட்டது.

நிறச்செறிவைக் கூட்டினாலும் இதே பலன் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எல்லா நிறத்தையும் சேர்த்தே ஏற்றும், வயல் கிளிப்பச்சையாகும், நீலச்சாயல் இன்னும் தடிக்கும்.