ஜூ எத்தனை மணிக்கு மூடுவாங்க? டீச்சர் பதில்கள்

டீச்சர், என் பையன் அஞ்சாவது படிக்கிறான். தமிழ் புக்கை எடுத்தா மடமடன்னு வாசிப்பான், ஒரு இடத்துல கூட நிக்க மாட்டான். ஆனா போன வாரம் ஸ்கூல்ல ஒரு ஜூவோட நேரம் போட்ட போர்டு குடுத்து அஞ்சு கேள்வி கேட்டிருக்காங்க, ஒண்ணு தான் ரைட்டு. பேப்பரை இதோட அனுப்பியிருக்கேன். படிக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு இது ஏன் வரல?
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பேப்பரைப் பார்த்தேன்மா. மத்த அம்மாக்களுக்கும் புரியணும்னு போர்டுல இருந்ததை இங்க அப்படியே தர்றேன். இது ஒர்க்‌ஷீட்டுக்காக எழுதின ஜூ, நம்ம வண்டலூர் நேரம்னு யாரும் எடுத்துக்காதீங்க.

"திங்கள், புதன், வியாழன், வெள்ளி: காலை 9.00 முதல் மாலை 5.00 வரை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள்: காலை 8.30 முதல் மாலை 6.00 வரை. செவ்வாய் விடுமுறை. செவ்வாய் அன்று அரசு விடுமுறை வந்தால் பூங்கா திறந்திருக்கும், அதற்குப் பதில் மறுநாள் புதன் விடுமுறை. மூடுவதற்கு 1 மணி நேரம் முன்பு டிக்கெட் நிறுத்தப்படும். 5 வயது நிறையாத குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்."

முதல் கேள்வி, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு மூடுவாங்க. 5 மணின்னு சரியா எழுதிட்டான். ரெண்டாவது, வியாழக்கிழமை 4.20க்கு கேட்டுக்கு வர்ற குடும்பம் டிக்கெட் வாங்க முடியுமா. "முடியும்"னு எழுதியிருக்கான். அவன் பக்கம் நின்னு பாருங்க, 5 மணிக்குத்தானே மூடுறாங்க, 4.20க்கு வந்தா ஏன் முடியாது, அவன் நினைச்சது நியாயம் தான். ஆனா நாலு வரி தள்ளி கீழ ஒரு கண்டிஷன் உக்காந்திருக்குது, அது மேல இருக்குற நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துடுது, அதனால 4 மணியோட டிக்கெட் முடிஞ்சுது. இந்த ரெண்டு வரியையும் சேர்த்து வெச்சுப் பார்த்தா தான் பதிலே கிடைக்கும், ஒரு வரில தேடினா கிடைக்காது.

இங்க தான்மா விஷயமே இருக்குது. நாம புள்ளைங்களுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுக்குறது எல்லாம் கதையும் பாடமும், மேல ஆரம்பிச்சு கீழ முடிக்கிறது, அடுத்தடுத்த வரி ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு வரும். போர்டு அப்படி வராது. அது துண்டு துண்டா இருக்கும், மூணாவது வரிக்கும் அஞ்சாவது வரிக்கும் என்ன சம்பந்தம்னு போர்டு சொல்லாது, படிக்கிறவன் தான் போய் முடிச்சுப் போடணும். உங்க பையனுக்கு வாசிப்புல ஒரு குறையும் இல்ல, இந்த முடிச்சுப் போடுற வேலையை அவனுக்கு இதுவரைக்கும் யாரும் காட்டல, அவ்ளோ தான்.

வீட்ல இப்படிப் பண்ணுங்க. போர்டை முதல்ல முழுசா படிக்கச் சொல்லாதீங்க. கேள்வியைப் படிக்கட்டும். கேள்வில கிழமை இருக்குதா, மணி இருக்குதா, என்ன கேக்குறாங்க, அதுக்கு அடியில பென்சில்ல கோடு போடட்டும். அப்புறம் போர்டுக்குப் போய் அந்தக் கிழமை மேல விரலை வெக்கட்டும். பதில் கிடைச்ச மாதிரி தோணினதும் எழுதக் கூடாது, விரலை எடுக்காம மீதி எல்லா வரியையும் ஒரு தடவை பார்த்து "இந்த வரி என் பதிலைத் தொடுதா"ன்னு தனக்குத் தானே கேட்டுக்கணும். வந்தால், தவிர, மட்டும், முன்பு, பதில், இந்த மாதிரி வார்த்தை எங்க வந்தாலும் நின்னு பார்க்கணும், பெரும்பாலும் மார்க்கு போற இடம் அது தான்.

மூணாவது கேள்வி, ஞாயித்துக்கிழமை மொத்தம் எவ்வளவு நேரம் திறந்திருக்கும். இவன் 2.30ன்னு எழுதியிருக்கான். எங்கிருந்து வந்துச்சுன்னா 8.30ல இருந்து 6.00ஐக் கழிச்சிருக்கான். கணக்குல பெருசுல இருந்து சின்னதைக் கழிக்கணும்னு பழகின கை, 6 சாயங்காலம்னு யோசிக்காம கழிச்சிருச்சு. நேரத்தைக் கழிக்கவே வேணாம்மா, மேல ஏறிப் போகச் சொல்லுங்க. 8.30ல இருந்து மதியம் 12 வரைக்கும் மூணரை மணி நேரம், 12ல இருந்து 6 வரைக்கும் 6, சேர்த்தா ஒன்பதரை. நடுவுல 12 மணில ஒரு தடவை நின்னுட்டுப் போனா தப்பே வராது. இன்னொண்ணு, 9.30ஐ ஒன்பது புள்ளி மூணுன்னு தசம எண் மாதிரி பார்க்குற புள்ளைங்க நிறைய, ஒரு மணிக்கு 60 நிமிஷம், 100 இல்லன்னு நிஜக் கடிகாரத்தைக் காட்டி முள்ளைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்க. செல்போன்ல மணி பார்த்து வளர்ற புள்ளைங்களுக்கு இது ரொம்ப அவசியம்.

நாலாவது, சுதந்திர தினம் செவ்வாய்க்கிழமை வருது, மறுநாள் போகலாமா. போகலாம்னு எழுதியிருக்கான், போர்டுல புதன் 9 முதல் 5ன்னு போட்டிருக்குதே. ஆனா செவ்வாய்ல அரசு விடுமுறை வந்தா மறுநாள் புதன் லீவுன்னு கீழ இருக்குது, அதனால போக முடியாது. கண்டிஷனுக்குள்ள இன்னொரு கண்டிஷன் இது, பெரியவங்களே தடுமாறுவாங்க, இதுக்காக அவனைத் திட்டாதீங்க.

அஞ்சாவது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. கேமராவுக்குக் கட்டணம் எவ்வளவு? 5 ரூபாய்னு எழுதியிருக்கான். போர்டுல கேமராவைப் பத்தி ஒரு எழுத்து கூட இல்ல. ஆனா கேள்வின்னு ஒண்ணு இருந்தா பதில்னு ஒண்ணு இருந்தே ஆகணும், காலியா விட்டா அடி விழும்னு புள்ளைங்க மனசுல ஏறிப் போயிருக்குது, அதனால குழந்தைங்க வயசுக்குப் போட்டிருந்த 5ஐத் தூக்கிட்டு வந்து ரூபாய் ஆக்கிட்டான். என் டியூஷன்ல ஒரு குட்டிப் பொண்ணு இதே மாதிரி கேள்விக்கு ரொம்ப நேரம் போர்டையே பார்த்துட்டு "இன்னா டீச்சர், இதுல போடவே இல்லியே"ன்னு பயந்து பயந்து சொன்னா. அதையே எழுதுன்னேன், நம்பவே இல்ல, ரெண்டு தடவை கேட்டுட்டு தான் எழுதினா. போர்டுல இல்லாததை இல்லன்னு சொல்றது முழு மார்க்குக்கு உண்டான பதில்னு உங்க பையனுக்கும் சொல்லுங்க, அந்த தைரியம் வந்தாலே பாதி பயம் போயிடும்.

ஜூ எப்ப திறக்கும் எப்ப மூடும்னு படிக்கிறதெல்லாம் ஒரு பாடமா டீச்சர்? நாங்க சின்ன வயசுல உயிர் காலேஜுக்கு நடந்தே போவோம், எந்த போர்டைப் படிச்சோம்? பேத்தி நோட்டைப் பார்த்தா திருக்குறளை விட்டுட்டு இதைப் படிக்கிறாளேன்னு வருத்தமா இருக்குது.
ஒரு தாத்தா, ராயபுரம்

ஐயா, உங்க கடிதத்துல உயிர் காலேஜ்னு படிச்சதுமே மனசு நிறைஞ்சு போச்சு. இப்ப இருக்குற புள்ளைங்களுக்குத் தெரியாது, எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், சென்ட்ரல் பக்கத்துல மூர்மார்க்கெட் கிட்ட இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். மியூசியத்தைப் பார்த்துக்கிட்ட பால்ஃபர் துரை 1855ல அந்த வளாகத்துலயே ஆரம்பிச்ச ஜூ அது, அப்புறம் அந்த சென்ட்ரல் பக்கத்து இடத்துக்கு, அதாவது பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறுச்சு, 1985 ஜூலையில வண்டலூர்ல புதுசா திறந்தாங்க. 602 ஹெக்டேர், பழைய இடத்தோட ஒப்பிடவே முடியாது.

திருக்குறளை விடச் சொல்லல ஐயா, அது வேணும், இதுவும் வேணும். நீங்க நடந்து போன ஜூ பக்கத்துத் தெருவு மாதிரி, மூடியிருந்தா திரும்பி வந்துடலாம். இப்ப ராயபுரத்துல இருந்து வண்டலூர் போய் கேட்டு மூடியிருந்தா ஒரு நாள் கூலி போச்சு, புள்ளைங்க அழுகை வேற.

ஜூவை விடுங்க, மருந்துச் சீட்டு, ரேஷன் கடை போர்டு, பேங்க் ஃபாரம், எல்லாமே இந்த ஜாதி எழுத்து தான். பீசான்னு உலக அளவுல 15 வயசுப் புள்ளைங்களுக்கு ஒரு தேர்வு இருக்குது, பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2000ல இருந்து நடத்துறாங்க. அதுல வாசிப்புன்னா கதை கட்டுரை மட்டும் இல்ல, அட்டவணை, அறிவிப்பு, வரைபடம், விண்ணப்பம் எல்லாம் குடுத்துக் கேள்வி கேப்பாங்க. 2009 சுற்றுல இந்தியாவுல இருந்து நம்ம தமிழ்நாடும் இமாச்சலமும் எழுதினாங்க. எழுபதுக்கு மேல இருந்த பட்டியல்ல ரெண்டு மாநிலமும் கடைசி வரிசையில. நம்ம புள்ளைங்களுக்கு அறிவு இல்லாமலா அப்படி ஆச்சு? பழக்கம் இல்ல ஐயா, பாராவைப் பார்த்து மனப்பாடம் பண்ணி எழுதின கைக்கு ஒரு டைம்டேபிளைக் குடுத்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. 2017ல, புள்ளைங்க எவ்வளவு கத்துக்கிட்டாங்கன்னு ஊர் ஊராப் போய்ப் பார்க்குற அசர் ஆய்வுக்காரங்க கிராமத்துப் பிள்ளைங்க கிட்ட ஓஆர்எஸ் பாக்கெட்டைக் குடுத்து பின்னாடி இருக்குறதைப் படிச்சுப் பதில் சொல்லச் சொன்னாங்க. எத்தனை லிட்டர் தண்ணில ஒரு பாக்கெட், கலக்கினதை எத்தனை மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும், இந்த மாதிரி. வாந்தி பேதியில கிடக்குற தம்பிக்குக் கலக்கிக் குடுக்குறப்போ அது சரியாத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? உங்க பேத்தி நோட்டுல இருக்குறதும் அதே படிப்பு தான். பக்கத்துல உக்காந்து அந்த உயிர் காலேஜ் கதையையும் சொல்லிக்கிட்டே பண்ண வைங்க.

அக்கா, வியாசர்பாடியில சாயங்காலம் தெருப் புள்ளைங்களுக்கு ஃப்ரீயா சொல்லித் தர்றோம், நாங்க காலேஜ் பசங்க நாலஞ்சு பேர். ஒர்க்‌ஷீட் பிரிண்ட் எடுக்கக் காசு இல்ல. இந்த மாதிரி பயிற்சிக்கு என்ன பண்றது?
ஒரு மாணவி, வியாசர்பாடி

உங்க தெருவே ஒர்க்‌ஷீட் தான்டா தங்கம். போன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க. ரேஷன் கடை வேலை நேரம் நடுவுல இடைவேளை விட்டு ரெண்டா பிரிச்சுப் போட்டிருப்பாங்க, அது ஒரு நல்ல போர்டு. ஆஸ்பத்திரில எந்தக் கிழமை எந்த ஓபின்னு எழுதியிருக்கும், நூலகத்து வாசல்ல விடுமுறை நாள் இருக்கும், எலெக்ட்ரிக் ட்ரெயின் டைம்டேபிள் இருக்கும். டைம்டேபிள் தான் இதுல ராஜா, 17.40ன்னு 24 மணிக் கணக்குல போட்டிருப்பாங்க, அதுல 12ஐக் கழிச்சா 5.40ன்னு புள்ளைங்க கண்டுபிடிக்கட்டும், ஞாயித்துக்கிழமைக்கு அட்டவணை வேறன்னு கவனிக்கிறாங்களான்னும் பாருங்க.

இன்னொண்ணு பண்ணுங்க, கேள்வியை நீங்க எழுதாதீங்க. புள்ளைங்களை ரெண்டு குரூப்பாப் பிரிச்சு ஒரு குரூப் கேள்வி தயார் பண்ணணும், இன்னொண்ணு பதில் சொல்லணும். மூணு வகைக் கேள்வி இருக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க, ஒரே வரில பதில் இருக்குறது, ரெண்டு வரியைச் சேர்த்தா பதில் வர்றது, போர்டுல பதிலே இல்லாதது. எதிராளியை மாட்ட வைக்கணும்னு அவங்க போர்டைக் குடைஞ்சு பார்ப்பாங்க பாருங்க, நாம நூறு தடவை சொல்லிக் குடுத்தாலும் அந்த அளவுக்குப் பார்க்க மாட்டாங்க. எழுத வராத புள்ளையும் வாயால கேள்வி கேக்கும், அதையும் எண்ணிக்கோங்க.

இதை இங்கிலீஷ்ல பழக்கணுமா தமிழ்லயா?
ஒரு அப்பா, பெரம்பூர்

தமிழ்ல முதல்ல. கண்டிஷனைக் கண்டுபிடிக்கிற மூளை ஒண்ணு தான், அது தமிழ்ல ஓட ஆரம்பிச்சா இங்கிலீஷ் போர்டுல வார்த்தை மட்டும் தான் புதுசா இருக்கும். ரெண்டு மொழியும் போட்ட போர்டு நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் இருக்குது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கட்டும்.

டீச்சர், எங்க வீட்டுக்காரர் மீன் பிடிக்க போட்டுல போறவர். மீன்பிடித் தடைக்காலத்துல தான் வீட்ல இருப்பார், புள்ளைங்களுக்கும் லீவு. வண்டலூர் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். எந்தக் கிழமை கூட்டம் கம்மி, எப்படிப் போறது?
ஒரு தாய், காசிமேடு

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் அண்ணன் வீட்ல இருப்பார்னா நாள் நிறைய இருக்குது, சனி ஞாயிறு வேணாம், நடு வாரத்துல போங்க. ஆனா செவ்வாய்க்கிழமை வண்டலூர் லீவு, அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. கிண்டி சிறுவர் பூங்காவும் செவ்வாய் லீவு தான், அங்க இல்லன்னா இங்கன்னு போய் ரெண்டு இடத்துலயும் ஏமாந்துடாதீங்க. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. பண்டிகை நேரத்துல வண்டலூரைச் செவ்வாய்க்கிழமையும் திறக்கிறதுண்டு, அதை முன்னாடியே அறிவிப்பாங்க.

பீச் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறுறப்போ கவனம், தாம்பரம் வண்டி தாம்பரத்தோட நின்னுடும், வண்டலூர் அதுக்கும் தள்ளி. செங்கல்பட்டு போற வண்டியா பார்த்து ஏறுங்க. மே மாச வெயில்ல மதியத்துக்கு மேல மிருகங்க எல்லாம் நிழலைத் தேடிப் போய்ப் படுத்துக்கும், அதனால காலையில திறக்குற நேரத்துக்கே அங்க இருக்கப் பாருங்க, தண்ணி பாட்டில் நிறைய எடுத்துக்கோங்க, உள்ள நடக்கவே அவ்ளோ தூரம் இருக்குது. நேரமும் டிக்கெட்டும் அப்பப்ப மாறும், கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஜூவோட வெப்சைட்டைப் போன்ல திறந்து பெரிய பொண்ணு கையில குடுத்துடுங்க, நம்ம நாலு பேரும் எத்தனை மணிக்குள்ள கேட்டுக்குப் போகணும், எவ்வளவு காசு எடுத்து வெக்கணும், அப்ப காசிமேட்டுல இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு அவளே பார்த்துச் சொல்லட்டும்.